உன் அம்மாவின் நாற்காலி உயரத்துக்கு ஒரு கார்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையின் இரண்டாம் ஷிப்டைத் தனி ஆளாகத் தோளில் தாங்கி நிற்கும் தூணே, கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டின் இரண்டாம் மாடிக்கு அதிபதியே, என் ஒரே மகனே! மணவாள நகர் அரிசிக் கடையிலிருந்து உன் நைனா எழுதுகிறேன். நீயும், பவித்ராவும், அவள் வயிற்றுக்குள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வாரிசும் நலம் என்பது எனக்குத் தெரியும். உன் அம்மா காலை நாஷ்டாவுக்கு முன்பும் பின்பும் போன் போட்டு விசாரித்துவிடுகிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அந்தப் பக்கம் நீ, "சீக்கிரம் சொல்லு நைனா, கம்பெனில லைன் ஓடிக்கினு இருக்குது" என்பாய். இந்தப் பக்கம் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் காதில் விழக்கூடாத சங்கதியை எப்படிச் சொல்வது? ஆகவே இதைப் பகிரங்கக் கடிதமாக எழுதுகிறேன். உன் கம்பெனி கேன்டீனில் மேசைமேல் ஏறி நின்று படி, ஒலிபெருக்கி வைத்துப் படி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், உன் அம்மாவைத் தவிர.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு காரின் படம் அனுப்பினாய். கார் என்று நீ சொன்னதால் நம்பினேன். என் போன் திரைக்குள் அதன் ஒரு சக்கரமும் பாதிக் கதவும்தான் அடங்கின. அதன் நிழலில் பந்தல் இல்லாமல் ஒரு கல்யாணம் நடத்திவிடலாம். அது ஹாரன் அடித்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் பயந்து ஒதுங்கி வழிவிடும். "எப்டிக்கீது நைனா?" என்று கேட்டிருந்தாய். நான் யோசிக்காமல், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்த மஞ்சள் பொம்மையை அனுப்பிவிட்டேன். மகனே, அந்தக் கட்டைவிரலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, புக்கிங் போடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். போடு, நல்லபடியாகப் போடு. ஆனால் எந்த வண்டிக்கு என்பதை இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

அந்தப் படத்தை உன் அம்மாவும் பார்த்தாள். நீ அவளிடம் கேட்டபோது, "ராசா மாதிரி இருக்குதுப்பா, உனுக்குன்னே செஞ்சாப்ல" என்றாள். நீ குளிர்ந்துபோய் போனை வைத்தாய். அதற்கப்புறம் நடந்ததை நீ கேட்கவில்லை. அவள் படத்தை மறுபடியும் திறந்து, விரலால் கதவின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இன்னா, இதுல ஏறதுக்கு ஏணி குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, நா எங்க போவப்போறேன்? கொயந்த பொறந்தா நீ போயி பாத்துட்டு வா. போன்ல படம் புடிச்சிக்கினு வா, போதும்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள். உன்னிடம் இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றும் வழக்கம் என் வம்சத்திலேயே கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் வாங்கினாள்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவின் முட்டி எவ்வளவு தேய்ந்துவிட்டது என்று உனக்குத் தெரியாது. நீ வரும் நாளில் அவள் காலையிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு, நீ கிளம்பும் வரைக்கும் நின்றுகொண்டே வேலை செய்வாள். உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க வேண்டும்? வீட்டில் இருக்கும் சகல ஆசனங்களிலும் அவள் யார் துணையும் இல்லாமல் உட்கார்ந்து எழக்கூடியது ஒன்றே ஒன்று: அந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு வைத்திருக்கிறாள். அதைவிடத் தாழ்வாக இருந்தால் எழ முடியாது. அதைவிட உயரமாக இருந்தால் ஏற முடியாது. சோபா அவளுக்குக் கிணறு, கட்டில் அவளுக்கு மலை. கை கொடுக்கலாம் என்று போனால் நமக்குத்தான் ஆபத்து. போன மாதம் நான் கை நீட்டினேன், "இன்னா, நா கெழவின்னு ஊருக்குத் தம்பட்டம் அடிக்கிறியா?" என்று தட்டிவிட்டாள்.

இவள் எப்படிப்பட்டவள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்தபோது, உனக்கு நண்டுக் குழம்பு கொண்டு வருவதற்காகத் திருவள்ளூரில் ஒரு ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அடுத்த ரயிலுக்காக ஓடி, தூக்குவாளியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து நிற்பாள். அவள் ஓடிய வேகத்தில் ரயில் கொஞ்சம் வெட்கப்பட்டு மெதுவாகப் போகும். அதற்கும் முன்பு, நீ சின்னப் பையனாக இருந்தபோது, என் பழைய மொபெட்டில் நீ முன்னால் நின்றுகொள்வாய், நடுவில் நான், பின்னால் அவள், அவள் மடியில் ஒரு அரிசிச் சிப்பம். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் சிப்பத்தோடு குதித்து இறங்கி, வண்டி ஏறி இறங்கியதும் ஓடிவந்து மறுபடியும் உட்கார்ந்துகொள்வாள், பெட்ரோல் மிச்சமாகும் என்று. இந்தியாவிலேயே மைலேஜுக்காக ஓடும் வண்டியிலிருந்து குதித்த முதல் பெண்மணி உன் தாய்தான். அப்படிப்பட்டவள் இன்று ஆட்டோவில் ஏறப் பயந்து, பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்குக்கூட மொய்க் கவரை என்னிடம் கொடுத்து அனுப்புகிறாள். நீ வாங்கும் கார்தான் அவளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரப் போகிறது. அல்லது வீட்டுக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார வைக்கப் போகிறது. இவ்வளவுதான் விஷயம். மீதியெல்லாம் உன் நைனாவின் அளப்பு.

அளக்கிறேன், கேள். பெரிய வண்டி என்றால் எனக்கு உன் பெரியப்பாவின் ஐராவதம்தான் ஞாபகம் வரும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு போகம் நல்லபடியாக விளைந்த சந்தோஷத்தில், எட்டுப் பேர் உட்காரும் ஒரு பழைய வண்டியை அவர் வாங்கிவந்தார். ஊரே மாலை போட்டது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அந்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியதற்கே அது கால் டேங்க் டீசல் குடித்துவிட்டது. அதற்கப்புறம் யாராவது வண்டியை எடுக்கலாமா என்று கேட்டால் பெரியப்பாவின் முகம் வாடிவிடும். "டப்பு மரத்துல காய்க்குதாடா? பஸ்ல போங்கடா" என்பார். காது குத்துக்குப் பஸ், மஞ்சள் நீராட்டுக்குப் பஸ், ஐராவதம் மட்டும் களத்து ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தவம் செய்தது. மழை வந்தால் அந்தத் தார்ப்பாயையும் உருவி நெல்லுக்குப் போட்டுவிடுவார்கள். கடைசியில் பின் சீட்டில் கோழிகள் குடியேறின. எட்டுப் பேர் போகவேண்டிய வண்டியில் எட்டுத் தலைமுறைக் கோழிகள் பொரிந்து, வளர்ந்து, குழம்பாகி முடிந்தன. ஒரு நாள் பெரியம்மா சொன்னாள்: "வண்டி வாங்குனாரு, சரி. அதுல நா ஊட்டு வாசல தாண்டுனதில்ல."

ஆகவே, மகனே, மைலேஜ் என்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதே. குடிக்கிற வண்டி வாசலில் நிற்கும். குடிக்காத வண்டி ஊர் சுற்றும். பெட்ரோல் பங்க்கைப் பார்த்து நீ பர்ஸைத் தடவினால், 'இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் போகலாம்' என்று தோன்றும். அடுத்த வாரம் ஓவர்டைம் வரும். அதற்கடுத்த வாரம் மழை வரும். நீ கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் மணவாள நகருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் பெரியபாளையம் இருக்கிறது, கவரைப்பேட்டை இருக்கிறது, கண்டெய்னர் லாரிகள் இருக்கின்றன. அந்தத் தூரத்தைக் குறைக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. ஒரு சின்ன எஞ்சினால் முடியும்.

நீ சொல்லப்போகும் மற்ற யோசனைகளையும் நானே சொல்லிவிடுகிறேன், உனக்கு வாய் வலிக்க வேண்டாம். கேஸில் ஓடும் வண்டி என்பாய். நல்ல வண்டிதான், செலவு குறைவுதான். ஆனால் டிக்கியைத் திறந்தால் அங்கே சிலிண்டர் அய்யா கால் நீட்டிப் படுத்திருக்கிறார். அம்மா உனக்குத் தெரியாமல் ஊன்றி நடக்கும் வாக்கரை எங்கே வைப்பது, பவித்ராவின் பெட்டியை எங்கே வைப்பது, அம்மா கட்டிக்கொடுக்கும் சமையலறை முழுவதையும் எங்கே வைப்பது? போதாக்குறைக்குப் பங்க்கில் ஆட்டோக்காரர்களோடு வரிசையில் நின்று நீ தாடி வளர்க்க வேண்டும். பேட்டரி வண்டி என்பாய். இரண்டாம் மாடியிலிருந்து ஒயரைக் கீழே விட்டால் வாடகை வாங்கும் ஊட்டுக்கார அம்மா அந்த ஒயரிலேயே உன்னைக் கட்டித் தொங்கவிடுவாள். சொந்த வீடு கட்டியபின் அதை வாங்கு, நானே மாலை போடுகிறேன். பெட்ரோலும் பேட்டரியும் கலந்த வண்டி அருமையாக ஓடுகிறதாம். அதன் விலையைக் கேட்டதும் நான் ஷோரூம் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஞ்சுவது பெட்ரோலில் ஓடும் சின்ன வண்டி. அதிலும் தரையோடு தரையாக ஊர்ந்து போகிற ரகம் வேண்டாம். கூரை கொஞ்சம் தூக்கலாக, சீட்டு கொஞ்சம் நிமிர்ந்து, அரிசிக் கடையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போல் குட்டையாகவும் கம்பீரமாகவும் இருக்கும் ரகம்.

இதையெல்லாம் நான் திண்டாடித் தெரிந்துகொண்டேன். நீ படம் அனுப்பிய மறுநாளே கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்த நீல நாற்காலியைப் போர்வையோடு நம் அரிசி வேனில் ஏற்றிக்கொண்டு ஷோரூம் ஷோரூமாகப் புறப்பட்டேன். முதல் ஷோரூமில் டை கட்டிய தம்பி ஓடிவந்து, "சார், எங்ககிட்ட சோபா இருக்குது சார்" என்றார். "தெரியும் தம்பி, இது எனக்கில்ல, உங்க காருக்கு" என்று சொல்லி, கதவைத் திறக்கவைத்து, நாற்காலியைச் சீட்டின் பக்கத்தில் ஒட்டிப் போட்டேன். என் சுண்டுவிரலில் இருந்து முழங்கை வரைக்கும் எல்லாமே அளவுகோல்தான். ஒரு வண்டி நாற்காலியைவிட ஒரு சாண் தாழ்வு. அதில் உன் அம்மா உட்கார்ந்தால் அடுத்த தேர்தலில்தான் எழுவாள். நீ படம் அனுப்பிய மலையையும் விடவில்லை. அதன் பக்கத்தில் நாற்காலி, கோபுரத்தின் முன் வைத்த அகல் விளக்குபோல் இருந்தது. நாலாவது ஷோரூமில், ஒரு மூலையில், வாழைத்தண்டு நிறத்தில் ஒரு சின்ன வண்டி. நாற்காலியைப் போட்டேன். போர்வையின் மேல் மடிப்பும் சீட்டின் விளிம்பும் ஒன்றாகச் சேர்ந்து நின்றன, அண்ணன் தம்பி தோளோடு தோள் நிற்பதுபோல. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன்.

அந்தப் பெண் ரேவதி. இந்தத் தெருவே என்னை மாமா என்று கூப்பிடும். அவள் அங்கிள் என்றாள், மன்னித்தேன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு பெரிய எண்ணைச் சொன்னாள். "எந்த ஊரு லிட்டரும்மா அது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னாள்: "கம்பெனில ஆள் இல்லாத ரூம்ல ஓட்டி எடுத்தது அங்கிள். ரோட்ல அவ்ளோ வராது." இதைச் சொன்னதாலேயே அவளிடம் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனால் ஆளில்லாத மைலேஜ் நமக்கு எதற்கு? நம் குடும்பம் ஏறினால் எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டாமா? குடும்பமோ ஆளுக்கொரு ஊரில். எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். மறுநாள் வேனில் அரிசியோடு போனேன்.

"இன்னா அங்கிள் இது? டெஸ்ட் டிரைவுக்கு லைசென்ஸ் எடுத்துக்கினு வந்தா போதும்" என்று ரேவதி பதறினாள். "குடும்பத்தையும் எடுத்துக்கினு வந்துக்கிறேம்மா" என்றேன். முன் சீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு ஏற்றி, "இது என் சம்சாரம்" என்று அறிமுகம் செய்தேன். பின் சீட்டில் மூன்று சிப்பம், அது நீ. நீ கல்யாணத்துக்கு முன் இரண்டரைதான், பழவேற்காட்டுச் சம்பந்தி வீட்டு மீன் குழம்புதான் உன்னை மூன்றாக்கியது. பக்கத்தில் பவித்ராவுக்கு இரண்டு, நல்ல பொன்னி. என் மருமகளுக்கு மட்டமான அரிசி வைப்பேனா? உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சின்னப் பொட்டலம், பாசிப்பருப்பு, ஐந்து கிலோ. "இது யாரு அங்கிள்?" என்றாள். "அது இன்னும் வரல" என்றேன். அவள் குனிந்து, முதல் ஆளாக அந்தப் பருப்புக்குத்தான் பெல்ட் போட்டாள். வண்டியைக் கிளப்பினேன். மற்றவர்களுக்குப் பெல்ட் போடவில்லை என்று வண்டி ஓயாமல் கத்தியது. நிறுத்தி, இறங்கி, அரிசிக்கெல்லாம் பெல்ட் மாட்டிவிட்டு மறுபடியும் கிளம்பினோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்குக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ் பெரியவரே, பொண்டாட்டி புள்ளிங்கள ஊட்ல உட்டுட்டு அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டினுகீறியா?" என்றார். "இதான்யா பொண்டாட்டி புள்ளிங்க" என்றேன். மேம்பாலத்தில் வண்டி கொஞ்சம் முனகியது, ஆனால் ஏறியது. நம் குடும்பத்தைச் சுமக்கிற யாரும் கொஞ்சம் முனகத்தான் செய்வார்கள்.

வந்து எல்லாரையும் இறக்கி வேனில் போட்டேன். வீடு திரும்பினேன். அன்று சாயங்காலம் நான் கடையில் இருந்தபோது வீட்டு போன் அடித்திருக்கிறது. எடுத்தது உன் அம்மா. ரேவதி சொல்லியிருக்கிறாள்: "ஆன்ட்டி, அங்கிள் இல்லையா? உங்க பேரப்புள்ள எங்க வண்டிலயே தங்கிட்டாரு." பருப்பை மறந்துவிட்டு வந்திருக்கிறேன், மகனே. இன்னும் பிறக்காத வாரிசை முதல் பயணத்திலேயே தொலைத்த தாத்தா நான்தான். அந்தப் பெண்ணிடம் உன் அம்மா எல்லாக் கதையையும் கறந்துவிட்டாள்: நாற்காலி, நாலு ஷோரூம், சம்சாரத்துக்கு இரண்டு சிப்பம் வரைக்கும். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும், "அரிசில்லாம் கார்ல போவுது, நா ஊட்ல குந்திக்கினு கீர ஆஞ்சிக்கினு கீறேன். நா ரெண்டு சிப்பமா? என்னப் பாத்தா ரெண்டு சிப்பமாட்டமாக்கீது?" என்று பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றே முக்கால் என்று திருத்திக்கொண்டேன். "நாளைக்குக் காலைல நானும் வரேன். புள்ளயக் கூட்டிக்கினு வரத்துக்கு உன்ன நம்பி அனுப்ப முடியாது" என்றாள்.

நம்புவாயா? ஐந்து கிலோ பருப்பைக் கூட்டிவர, மாதக்கணக்கில் தெருவைத் தாண்டாதவள் கிளம்பினாள். நம் வேனில் ஏற முடியாது. ஷோரூம் தூரமில்லை, வாக்கரை ஊன்றி, நாலு இடத்தில் நின்று, நின்ற இடத்திலெல்லாம் யாரோடாவது பேசிக்கொண்டு, ராணி நகர்வலம் வருவதுபோல் நடந்தாள். பின்னால் நான், நீல நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வழியில் அவள் உட்காரத் தோன்றினால் போடுவதற்காக. உட்காரவே இல்லை. ரேவதி வாசலுக்கே வந்துவிட்டாள். கார் கதவைத் திறந்தாள். பின் சீட்டில் பருப்பு பெல்ட் போட்டபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. உன் அம்மா அதைப் பார்த்தாள், முன் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மொதல்ல திரும்பிக் குந்திக்கோங்க ஆன்ட்டி. அப்பறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுத்துக்கோங்க. அவசரமே இல்ல" என்றாள் ரேவதி. நான் கை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பதற்காக இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்தாள். கால்களை உள்ளே எடுத்தாள். பிறகு வெளியே எடுத்து, எழுந்து நின்றாள். யாரையும் பிடிக்கவில்லை. ஒரு முறை பத்தாது என்பதுபோல் மறுபடியும் உட்கார்ந்தாள். "நம்ம ஊட்டுச் சேரு மாதிரியே பண்ணிக்கிறாங்களே" என்றாள். அதற்கப்புறம் தானே கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, "அந்தப் பருப்ப எடுத்து மடில குடு. வண்டிய எடு, அப்டியே புள்ள ஊட்டுக்குப் போயி பாத்துட்டு வந்துர்லாம்" என்றாள்.

டெஸ்ட் டிரைவ் என்றால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்புவதுதான் என்று ரேவதி மெதுவாகச் சொன்னாள். அம்மாவின் முகம் கொஞ்சம் இறங்கியது. சரி, அவ்வளவு தூரமாவது போவோம் என்று போனோம். போகும்போது பருப்பை மடியில் அணைத்துக்கொண்டாள். கண்ணாடியை இறக்கிவிட்டு, பூக்கடை, பஸ், பழ வண்டி என்று எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பி வந்து நின்றதும், "இன்னா, அதுக்குள்ள வந்துடுச்சி?" என்றாள். ரேவதி தன் கடமைக்கு மைலேஜ் கணக்கை எடுத்தாள். உன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. ஒரு டேங்க் ஊத்துனா கும்மிடிப்பூண்டிக்கு எத்தினி தபா போயி வரும்? அத்த சொல்லு." ரேவதி போனில் தட்டிப் பார்த்து, "அஞ்சாறு தபா வரும் ஆன்ட்டி" என்றாள். அம்மா விரலை மடக்கினாள். "அப்போ வாரா வாரம் போனாகூட ஒரு மாசத்துக்கு மேல தாங்குது" என்றாள். உலகத்தில் எத்தனையோ இன்ஜினியர்கள் மைலேஜைக் கண்டுபிடிக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இதைவிடச் சரியான அளவை நான் கேட்டதில்லை, மகனே.

வண்டி வாங்கிவிட்டால் மட்டும் போதாது. எந்த வண்டியையும் உன் வலது கால் ஐராவதமாக மாற்றிவிடும். கண்டெய்னர் லாரியின் பின்னால் போய் முட்டுகிற மாதிரி மிதித்து, உடனே பிரேக் போட்டு, மறுபடியும் மிதிக்காதே. தூரத்திலேயே சிவப்பு தெரிந்தால் காலை எடுத்துவிடு, வண்டி தானாகத் தவழ்ந்து போய்ச் சேரட்டும். டயர் காற்றை மறக்காதே. டிக்கியில் போன வருடத்துக் கிரிக்கெட் மட்டையைச் சுமக்காதே. அம்மா பக்கத்தில் இருந்தால் ஏசியைப் பற்றிக் கவலைப்படாதே. அவளே நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்குவாள். நான் ஒரு காலத்தில் பெட்ரோல் வாசனையை வைத்தே பெரியபாளையத்திலிருந்து திருவள்ளூர் வரைக்கும் மொபெட் ஓட்டியவன். வாசனை தீர்ந்தபின் தள்ளிக்கொண்டு வந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த ரத்தம்தான் உன் காலிலும் ஓடுகிறது.

உன் கம்பெனியில் கூட இருப்பவர்கள் பெரிது பெரிதாக வாங்குகிறார்கள், உனக்கும் ஆசை இருக்கிறது. தப்பில்லை. நீ சம்பாதித்தது, நீ ஓட்டப்போவது. நீ அந்த மலையையே வாங்கினாலும் நான் எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பேன், உன் அம்மா வாசல்வரை வந்து, ராசா மாதிரி இருக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் உன்னிடம் வாயைத் திறக்கமாட்டாள். அதனால்தான் நான் திறந்தேன்.

பருப்பை இன்னும் சமைக்கவில்லை. அலமாரியில் வைத்திருக்கிறாள், நான் சாம்பாருக்குக் கேட்டபோது, "அத்த தொட்டின்னா கைய ஒடச்சிடுவேன்" என்றாள். நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. நடுக்கூடத்தில் அந்த நீல நாற்காலி. முதலில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, மெதுவாக முன்பக்கம் திருப்பினாள். பருப்புப் பொட்டலத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டாள். தோளுக்குப் பின்னால் கையை விட்டு, இல்லாத பெல்ட்டை இழுத்து இடுப்போரம் மாட்டினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். "இன்னா பாத்துக்கினு நிக்கிற? ஏறு, நேரமாவுது" என்றாள்.

நானும் ஒரு நாற்காலியை இழுத்து, அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுகிறவர் இடம்தான் காலியாக இருக்கிறது, மகனே.

உன் நைனா